முதுகின் இடைத்தட்டும் அதன் மாற்றுப்பொருள்களும்

மனித முதுகெலும்புத் தொடரில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கும் முள்ளெலும்புகள் ஒன்றையொன்று உரசாமலும், அதே வேளையில் குனியவும் திரும்பவும் இடம் கொடுத்தும் நிற்பதற்கு அவற்றின் இடையே உள்ள 23 தட்டுகளே காரணம். மருத்துவ நூல்களில் இடைத்தட்டு என்றும், மருத்துவமனைகளில் டிஸ்க் என்றும், வீட்டுப் பேச்சில் ஜவ்வு என்றும் வழங்கும் இவ்வுறுப்பு பழுதுபட்டால் அதன் இடத்தில் வேறொரு பொருளை வைத்து வேலை வாங்க முடியுமா என்ற கேள்வி ஏறத்தாழ எழுபது ஆண்டுகளாக மருத்துவர்களையும் பொறியாளர்களையும் வேதியியலாளர்களையும் ஈர்த்துவந்திருக்கிறது. எஃகு, அக்ரிலிக், சிலிக்கோன், கோபால்ட் உலோகக்கலவை, பாலிஎத்திலீன், ரப்பர், ஹைட்ரோஜெல், இறுதியாக உயிருள்ள செல்கள் என்று நீளும் இந்தத் தேடலை, வலுவான பொருளுக்கு அடுத்து அதனினும் வலுவான பொருளைக் கண்டடைந்த கதையாகச் சொல்வது வழக்கம். ஆனால் கைவிடப்பட்ட சாதனங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால், அவற்றுள் பல தம் உடலில் கெட்டதைக் காட்டிலும், எலும்பைத் தொடும் விளிம்பில் கெட்டதே மிகுதி என்பது புலப்படும். இடைத்தட்டின் மாற்றுப்பொருள் வரலாறு, அந்த வகையில், ஒரு பொருளின் வரலாறாக இருப்பதைவிட ஓர் எல்லைக்கோட்டின் வரலாறாகவே இருக்கிறது.

தட்டின் அமைப்பு

இடைத்தட்டு ஒரே சீரான பொருளால் ஆனதன்று. அதன் நடுவே கூழ்க்கரு எனப்படும் வழுவழுப்பான பகுதி உள்ளது. இளமையில் அதன் எடையில் பெரும்பங்கு நீர்தான். அந்த நீரைப் பிடித்துவைப்பவை புரோட்டியோகிளைக்கன் என்னும் பெருமூலக்கூறுகள். எதிர்மின்னூட்டம் ஏறிய சர்க்கரைச் சங்கிலிகள் நிறைந்த இவை ஓயாமல் நீரை ஈர்த்து வீங்க முயல்வதால், கூழ்க்கரு எப்போதும் உள்ளழுத்தத்துடனேயே இருக்கிறது. கருவைச் சுற்றி வெங்காயத் தோல்போல 15 முதல் 25 அடுக்குகள் கொண்ட நார்வளையம் அமைந்திருக்கிறது. ஓர் அடுக்கில் கொலாஜன் நார்கள் கிடைமட்டத்துக்கு ஏறத்தாழ 30 பாகை சாய்ந்து ஒரு பக்கமாக ஓடினால், அடுத்த அடுக்கில் அதே சாய்வில் எதிர்ப்பக்கமாக ஓடுகின்றன. ஆகவே உடல் எந்தப் பக்கம் முறுகினாலும் ஏதேனும் ஒரு வரிசை நார் இழுவிசையை ஏற்றுக்கொள்கிறது. மேலும் கீழும் முனைத்தகடு என்னும் மெல்லிய குருத்தெலும்புப் படலம் இந்த இரண்டையும் முள்ளெலும்போடு இணைக்கிறது.

வளர்ந்த மனிதரின் உடலில் இரத்தக்குழாய் இல்லாத திசுக்களுள் மிகப் பெரியது இதுவே. உள்ளிருக்கும் சொற்பமான செல்கள் முனைத்தகட்டின் வழியே கசிந்து பரவும் ஊட்டத்தைக் கொண்டுதான் உயிர்வாழ்கின்றன என்பதால், கிழிந்த தட்டு தானாகக் கூடிவிடும் வாய்ப்பு மிகக் குறைவு. பகல் முழுவதும் உடலின் எடை தட்டுகளிலிருந்து சிறிது நீரைப் பிழிந்தெடுப்பதால் மாலையில் மனிதர் தம் உயரத்தில் ஏறத்தாழ 1 சதவீதம் குறைகிறார். இரவில் படுத்திருக்கையில் அந்த நீர் மீண்டும் ஏறுகிறது. வயது ஏற ஏற புரோட்டியோகிளைக்கன் குறைந்து கருவும் வறளத் தொடங்க, அதுவரை கரு தாங்கிய அழுத்தம் நார்வளையத்தின்மேல் சாய்ந்து, அங்கே விரிசல்கள் தோன்றுகின்றன. சுமையைத் தாங்குதல், அசைவுக்கு இடம் கொடுத்தல், நீரை ஏற்று இறக்குதல், எலும்போடு ஒட்டிநிற்றல் ஆகிய நான்கு வேலைகளையும் ஒரு சென்டிமீட்டர் உயரத்துக்குள் செய்துமுடிக்கும் இவ்வுறுப்புக்கு மாற்று தேடியவர்கள், பெரும்பாலும் அவற்றுள் ஒன்றையோ இரண்டையோ மட்டும் எடுத்துக்கொண்டு மற்றவற்றை விட்டுவிட்டார்கள்.

நோய்க்கு ஒரு பெயர் கிடைத்த விதம்

1543 இல் வெளிவந்த தம் உடற்கூற்று நூலில் வெசாலியஸ் இடைத்தட்டை விவரித்திருந்தார் என்றாலும், அது நோய்க்கு இருப்பிடமாகலாம் என்ற எண்ணம் மூன்று நூற்றாண்டுகள் வரை எழவில்லை. 1857 இல் ஜெர்மானிய நோயியலாளர் ருடால்ஃப் விர்ஹோ பிதுங்கிய தட்டு ஒன்றைப் பதிவுசெய்தார். மறு ஆண்டில் ஹூபர்ட் ஃபான் லுஷ்கா முள்ளெலும்பு மூட்டுகளைப் பற்றித் தனி நூலே எழுதினார். 1911 இல் கிளாஸ்கோ நகரில் மிடில்டன், டீச்சர் ஆகிய இருவர், பாரம் தூக்கியபின் கால்கள் செயலிழந்து இறந்த ஒரு தொழிலாளியின் உடலை ஆய்ந்து, தட்டின் துண்டு தண்டுவடத்தை நசுக்கியிருந்ததைக் கண்டனர். டிரெஸ்டன் நகரின் கேயார்க் ஷ்மோர்ல் 1920களில் ஆயிரக்கணக்கான முதுகெலும்புகளை நெடுக்காக வெட்டிப் பார்த்து, கூழ்க்கரு முனைத்தகட்டைத் துளைத்து எலும்புக்குள்ளேயே இறங்கியிருக்கும் முடிச்சுகளை விவரித்தார். இன்றும் அவை அவர் பெயராலேயே அழைக்கப்படுகின்றன. தட்டின் பலவீனமான வாசல் முனைத்தகடுதான் என்பதற்கு அக்காலத்திலேயே கிடைத்த சான்றாக இதைக் கொள்ளலாம்.

இவை அனைத்தும் பிணக்கூறாய்வு மேசையில் கிடைத்த அறிவு. உயிருள்ள நோயாளிகளிடமோ, தண்டுவடக் குழாயில் காணப்பட்ட அதே துண்டுகள் குருத்தெலும்புக் கட்டிகள் என்று கருதப்பட்டு அகற்றப்பட்டுவந்தன. 1929 இல் வால்டர் டாண்டி அவை தட்டிலிருந்து பிரிந்த துண்டுகளாக இருக்கலாம் என்று எழுதினார். பாஸ்டன் நகரின் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் நரம்பறுவை மருத்துவர் வில்லியம் ஜேசன் மிக்ஸ்டரும் எலும்பு மருத்துவர் ஜோசப் பாரும், முன்பு கட்டி என்று பெயரிட்டுச் சேமிக்கப்பட்டிருந்த மாதிரிகளை மீண்டும் நுண்ணோக்கியில் ஆராய்ந்து, அவற்றுள் பல உண்மையில் தட்டின் பொருளே என்று கண்டு, 1934 இல் வெளியிட்ட கட்டுரையால் இடுப்பிலிருந்து காலுக்கு இறங்கும் வலிக்கு ஒரு காரணத்தையும் ஓர் அறுவை முறையையும் ஒருங்கே நிறுவினர். தட்டு முழுதாக இடம்பெயர்வதில்லை, அதன் கரு நார்வளையத்தைக் கிழித்துக்கொண்டு பிதுங்குகிறது என்பதே அவர்கள் காட்டிய உண்மை. ஆயினும் ஜவ்வு விலகிவிட்டது என்று தமிழிலும், நழுவிய தட்டு என்ற பொருளில் பிற மொழிகளிலும் வழங்கும் பிழையான பெயர் அதன்பின்னும் நிலைத்துவிட்டது.

அகற்றிய இடத்தில் என்ன வைப்பது

பிதுங்கிய துண்டை அகற்றினால் நரம்பின் வலி தணிந்தது. ஆனால் உள்ளீடு குறைந்த தட்டு நாளடைவில் தாழ்ந்துபோக, சிலருக்கு முதுகுவலி தொடர்ந்தது. இதற்கு அன்று கையிலிருந்த விடை, இரு முள்ளெலும்புகளையும் ஒரே எலும்பாக வளரவிடும் எலும்பிணைப்பு அறுவை. காசநோயால் அரிக்கப்பட்ட முதுகெலும்பைத் தாங்குவதற்காக நியூயார்க் நகரில் ரஸ்ஸல் ஹிப்ஸும் ஃபிரெட் ஆல்பியும் தனித்தனியே 1911 இல் அறிவித்த அந்த முறை, 1940களில் ஹவாயில் ரால்ஃப் கிளவர்டு போன்றோரால் தட்டு இருந்த இடைவெளிக்குள்ளேயே எலும்புத் துண்டை வைக்கும் முறையாக மாறியது. அசைவைத் துறந்து வலியை நிறுத்துவது இதன் கொள்கை.

இதற்கு மாறாக, கருவைக் கரைத்துவிடலாம் என்ற எண்ணமும் எழுந்தது. 1956 இல் லூயிஸ் தாமஸ் என்னும் அமெரிக்க மருத்துவர் பப்பாளிப் பாலில் உள்ள பப்பேன் நொதியை முயலின் நரம்பில் செலுத்தியபோது, நிமிர்ந்து நின்ற அதன் காதுகள் குருத்தெலும்பு தளர்ந்து தொங்கிப்போய், சில நாள்களில் மீண்டும் நிமிர்ந்தன. குருத்தெலும்பைத் தளர்த்தும் நொதி தட்டின் கருவையும் தளர்த்தும் என்று கருதிய லைமன் ஸ்மித், பப்பாளியிலிருந்தே பிரித்தெடுக்கப்படும் கைமோபப்பேன் என்ற நொதியை 1963 இல் முதன்முதலாக மனிதத் தட்டுக்குள் ஊசிவழியே செலுத்தினார். 1982 இல் அமெரிக்க உணவு, மருந்து நிருவாகத்தின் ஒப்புதல் பெற்ற இம்மருந்து, அரிதாக ஏற்பட்ட கடும் ஒவ்வாமையாலும் தண்டுவடப் பாதிப்புகளாலும் மதிப்பிழந்து, 2003 இல் அந்நாட்டுச் சந்தையிலிருந்து மறைந்தது.

கரைக்காமல் நிரப்பப் பார்த்தவர்களும் அதே காலத்தில் இருந்தார்கள். 1950களின் நடுவில் பல் மருத்துவத்துக்கும் பிற்பாடு மூட்டு மாற்றத்துக்கும் பழக்கமான அக்ரிலிக் பிசினைத் தட்டு இடைவெளியில் ஊற்றி இறுகவிடும் முயற்சிகள் நடந்தன. சுவீடனின் கோத்தன்பர்க் நகரைச் சேர்ந்த ஆல்ஃப் நாகெம்சன், சடலங்களின் தட்டுகளுக்குள் சிலிக்கோன் ரப்பரைச் செலுத்திப் பார்த்தார். அவருடைய பெரிய பங்களிப்பு, உயிருள்ள மனிதரின் தட்டுக்குள் அழுத்தமானி இணைத்த ஊசியைச் செருகி, நிற்கும்போது உள்ள அழுத்தத்தை 100 என்று கொண்டால் மல்லாந்து படுக்கையில் 25 ஆகவும், சாய்மானமின்றி உட்காரும்போது 140 ஆகவும் அது மாறுவதை அளந்து காட்டியது. தட்டின் இடத்தில் வைக்கும் எப்பொருளும் ஏற்கவேண்டிய சுமையின் ஏற்ற இறக்கம் இதன்மூலம் முதன்முறையாக எண்களில் தெரியவந்தது.

எஃகு உருண்டை

சுவீடனிலேயே உட்டேவால்லா என்னும் சிறுநகரில் பணியாற்றிய உல்ஃப் ஃபெர்ன்ஸ்ட்ரம், இதைவிட எளிய வழியை எடுத்துக்கொண்டார். கரு அகற்றப்பட்ட குழிக்குள் பளபளப்பாக்கிய துருவேறா எஃகு உருண்டை ஒன்றை வைத்தால், இயந்திரங்களின் தாங்கிகளில் உள்ள குண்டுபோல அது மேலெலும்பு கீழெலும்பின்மீது உருள இடம் தரும் என்பது அவர் கருத்து. 1966 இல் அவர் வெளியிட்ட கட்டுரையில் 125 நோயாளிகளிடம் 191 உருண்டைகள் வைக்கப்பட்ட செய்தி உள்ளது. தென்னாப்பிரிக்காவில் ரைட்ஸ், ஜூபெர்ட் ஆகியோர் 1964 இலேயே கழுத்துத் தட்டுகளில் இதே முறையைக் கையாண்டு, தீராத தலைவலிக்கும் கைவலிக்கும் பயன் கிடைத்ததாக எழுதினர்.

உருண்டைக்கு ஒன்றும் நேரவில்லை. எஃகு தேயவும் இல்லை, உடையவும் இல்லை. எலும்புதான் விட்டுக்கொடுத்தது. கோளம் தட்டையான பரப்பை ஒரு புள்ளியில் மட்டுமே தொடும் என்பதால், உடலின் முழுச் சுமையும் அந்தச் சிறு இடத்தில் குவிந்து, முனைத்தகட்டை நொறுக்கிக்கொண்டு உருண்டை முள்ளெலும்பின் பஞ்சு போன்ற உட்பகுதிக்குள் அமிழ்ந்தது. சில ஆண்டுகள் கழித்து எடுத்த எக்ஸ்-ரே படங்களில் பெரும்பாலான நோயாளிகளின் தட்டு உயரம் குறைந்திருந்தது. கெட்டியான பொருள் எலும்பைக் காக்காது, அதை வெட்டும் என்ற இப்பாடத்தின் பின்னால் எளிய கணக்கு ஒன்றும் உண்டு. ஒரு பொருள் சுமைக்கு எவ்வளவு வளைந்துகொடுக்கும் என்பதை அளக்கும் யங் குணகம், எலும்பின் கெட்டியான புறப்பகுதிக்கே 12 முதல் 20 கிகாபாஸ்கல்தான். எஃகுக்கோ ஏறத்தாழ 200. உட்புறத்துப் பஞ்செலும்பு இவ்விரண்டையும்விடப் பன்மடங்கு மென்மையானது.

கிழக்கு பெர்லினின் வட்டு

இடுப்பு மூட்டு மாற்றத்தில் கிடைத்த வெற்றியே அடுத்த தலைமுறைக்கு வழிகாட்டியது. இங்கிலாந்தில் ஜான் சார்ன்லி 1958 இலிருந்து ஏறத்தாழ 300 நோயாளிகளுக்கு டெஃப்லான் கிண்ணம் பொருத்தி, அது விரைவில் தேய்ந்து துகள்களாகி எலும்பைப் புண்ணாக்குவதைக் கண்டபின், 1962 இல் மிகை மூலக்கூறு எடை கொண்ட பாலிஎத்திலீனுக்கு மாறினார். மிக நீளமான சங்கிலிகளால் ஆன இந்தப் பிளாஸ்டிக், பளபளப்பான உலோகத்தின்மேல் குறைந்த உராய்வுடனும் மெதுவான தேய்மானத்துடனும் வழுக்கக்கூடியது. இதே சேர்க்கையை முதுகுக்குக் கொண்டுவந்தவர்கள், கிழக்கு பெர்லினின் சாரிட்டே மருத்துவமனையைச் சேர்ந்த கூர்ட் ஷெல்நாக், கரின் பியூட்னர்-யான்ஸ் என்னும் இரு மருத்துவர்கள். இவர்களுள் பியூட்னர்-யான்ஸ், 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் கிழக்கு ஜெர்மனிக்காகத் தாண்டுமேடையிலும் சமனற்ற இணைகம்பிகளிலும் தங்கம் வென்ற சீருடற்பயிற்சி வீராங்கனை; முதுகெலும்பின் அசைவு எவ்வளவு தூரம் போகக்கூடும் என்பதைத் தம் உடலாலேயே அறிந்தவர்.

1982 இல் வரையப்பட்டு 1984 இல் முதல் நோயாளிக்குப் பொருத்தப்பட்ட அந்தச் சாதனம், இருவர் பெயரின் முதலெழுத்துகளையும் மருத்துவமனையின் பெயரையும் சேர்த்து எஸ்.பி. சாரிட்டே என்று அழைக்கப்பட்டது. மேலும் கீழும் இரண்டு உலோகத் தகடுகள், நடுவே எதனோடும் பிணைக்கப்படாமல் இரு பக்கமும் குவிந்த பாலிஎத்திலீன் வில்லை என்பதே அதன் அமைப்பு. உடல் குனியும்போது வில்லை சற்றே பின்வாங்குவதால், இயற்கைத் தட்டைப்போல அசைவின் மையமும் நகர்ந்துகொண்டே இருக்கும் என்று கணிக்கப்பட்டது. பிளாஸ்டிக் எக்ஸ்-ரேயில் தெரியாது என்பதால் வில்லையின் விளிம்பைச் சுற்றி ஒரு மெல்லிய உலோகக் கம்பி வளையம் போடப்பட்டது.

முதல் வடிவத்தின் வட்டத் தகடுகள் சிறியனவாக இருந்ததால், ஃபெர்ன்ஸ்ட்ரமின் உருண்டையைப் போலவே எலும்புக்குள் அமிழ்ந்தன. இரண்டாம் வடிவத்தில் பரப்பைக் கூட்டுவதற்காகப் பக்கவாட்டில் இறக்கைகள் சேர்க்கப்பட்டபோது, மெல்லிய எஃகுத் தகடு மீண்டும் மீண்டும் வளைந்து, உலோகச் சோர்வால் முறிந்தது. சிறிய விசையே ஆனாலும் பல இலட்சம் தடவை வந்து போகும்போது உலோகத்தில் நுண்விரிசல் வளர்ந்து முறிவதையே உலோகச் சோர்வு என்பர். ஆண்டுக்கு ஏறத்தாழ 1,25,000 தடவை நன்கு குனிந்து நிமிரும் முதுகில் இது தவிர்க்க முடியாத சோதனை. 1987 இல் வந்த மூன்றாம் வடிவத்தை, அன்று மேற்கு ஜெர்மனியிலிருந்த ஹாம்பர்க் நகரின் வால்டெமார் லிங்க் நிறுவனம் கோபால்ட்-குரோமியக் கலவையில் வார்த்துத் தந்தது. சுவரால் பிரிக்கப்பட்ட நாட்டின் ஒரு பாதியில் பிறந்த வடிவம் மறுபாதியின் தொழிற்சாலையில் முழுமை பெற்று, அங்கிருந்து பல நாடுகளுக்குச் சென்றது.

பிரான்சின் மோன்பெலியே நகரில் தியரி மார்னே உருவாக்கிய புரோடிஸ்க் சாதனம் எலும்பைப் பற்றும் சிக்கலை வேறு விதமாக அணுகியது. தோணியின் அடியில் நெடுக ஓடும் ஏராவைப் போன்ற முகடுகளைத் தகட்டின் புறத்தில் அமைத்து, எலும்பில் செதுக்கிய பள்ளத்தில் அவற்றைச் செருகி, கரடுமுரடான டைட்டானியப் பூச்சின் வழியே எலும்பு வளர்ந்து பிடிக்கும்படி அவர் செய்தார். டைட்டானியத்தின் மேற்பரப்போடு எலும்பு நேரடியாக ஒன்றும் இயல்பை, முயலின் காலெலும்பில் பதித்த டைட்டானியக் கூட்டைக் கழற்ற முடியாமல் போனதிலிருந்து 1950களில் கண்டறிந்தவர் சுவீடனின் பெர்-இங்வார் பிரோனமார்க். முதலில் பற்களுக்கு உதவிய அந்த அறிவு இப்போது முதுகுக்கு வந்துசேர்ந்தது. 1990க்கும் 1993க்கும் இடையே 64 நோயாளிகளுக்கு இதைப் பொருத்திய மார்னே, பிறகு புதிய அறுவைகளை நிறுத்திவிட்டு, ஆண்டுகள் பல காத்திருந்து, 1999 இல் அவர்களைத் தேடிப்பிடித்துச் சோதித்தபின்பே அடுத்த வடிவத்தை வெளியிட்டார். சாதன வணிகத்தின் அவசரத்துக்கு நடுவே இத்தகைய பொறுமை அரிது.

ரப்பரும் நீரும்

உலோகமும் பிளாஸ்டிக்கும் சேர்ந்த வில்லை வழுக்கியது; ஆனால் அதிர்வை ஏற்று அமுங்கி மீளவில்லை. அந்தக் குறையைத் தீர்க்க அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் ஆர்தர் ஸ்டெஃபி, இரு டைட்டானியத் தகடுகளுக்கு நடுவே பாலிஒலிஃபின் ரப்பரை வல்கனைஸ் செய்து ஒட்டவைத்த அக்ரோஃபிளெக்ஸ் என்ற தட்டை வடிவமைத்தார். ரப்பரைக் கந்தகத்தோடு சூடாக்கிச் சங்கிலிகளைப் பிணைக்கும் முறையே வல்கனைஸ் செய்தல். 1980களின் இறுதியில் 6 பேருக்கு அது பொருத்தப்பட்டபின், அம்முறையில் பயன்படும் வேதிப்பொருள் ஒன்று எலிகளிடம் புற்றுநோயைத் தூண்டுவதாக ஐயம் எழுந்ததால் நிறுத்தப்பட்டது. பிற்பாடு மாற்றப்பட்ட வடிவம் ஆஸ்திரேலியாவில் சோதிக்கப்பட்டபோது, ரப்பரில் கிழிசல்கள் தென்பட்டன. இயற்கையில் மென்மையான கருவிலிருந்து கெட்டியான எலும்பு வரை இயல்பு படிப்படியாக மாறுகிறது. இங்கோ மிக மென்மையான பொருளும் மிகக் கெட்டியான பொருளும் ஒரே கோட்டில் சந்திக்க, தகைவு முழுவதும் அக்கோட்டின் அருகே குவிந்தது.

கருவின் இன்னொரு குணமாகிய நீர்ப்பிடிப்பை எடுத்துக்கொண்டவர்கள் வேறொரு துறையிலிருந்து உதவி பெற்றனர். பிராக் நகரின் வேதியியலாளர்கள் ஓட்டோ விக்டெர்லேயும் டிராகோஸ்லாவ் லீமும், நீரை உறிஞ்சி வீங்கியும் கரையாமல் வடிவம் காக்கும் ஹைட்ரோஜெல்களை உடலுக்குள் பயன்படுத்தலாம் என்று 1960 இல் அறிவித்தனர். அடுத்த ஆண்டில் விக்டெர்லே தம் வீட்டிலேயே, குழந்தைகள் விளையாடும் உலோகக் கட்டமைப்புத் துண்டுகளால் செய்த எந்திரத்தில் மென்மையான கண்வில்லைகளை வார்த்தார். கண்ணுக்குப் பயன்பட்ட இந்தப் பொருள்வகையின் உறவினமான பாலிஅக்ரிலோநைட்ரைல் ஹைட்ரோஜெல்லை, மின்னியாபோலிஸ் நகரத்து நரம்பறுவை மருத்துவர் சார்லஸ் ரே பாலிஎத்திலீன் நாரில் நெய்த உறைக்குள் அடைத்து, தலையணை போன்ற மாற்றுக் கருவை உருவாக்கினார். உலர்ந்து சுருங்கிய நிலையில் சிறு துளை வழியே உள்ளே நுழைத்தால், அது உடலின் நீரைக் குடித்து வீங்கித் தட்டை உயர்த்தும். உறை அதன் வீக்கத்துக்கு எல்லை போடும். 1996 இல் ஜெர்மனியில் முதல் நோயாளிக்கு இது பொருத்தப்பட்டது.

வேதியியல் பார்வையில் இந்தக் கரு ஒரு சாதனையே. ஆனால் அதை உள்ளே நுழைப்பதற்காக நார்வளையத்தில் வெட்டிய சாளரமே பலரிடம் அது வெளியேறும் வழியும் ஆயிற்று. இடம் மாறிய கருவை எடுக்க மீண்டும் அறுவை வேண்டியிருந்தது. இடத்திலேயே தங்கியவற்றிலும் சில, முனைத்தகட்டின்மேல் அழுத்தி எலும்பில் மாற்றங்களை உண்டாக்கின. எதனோடும் பிணைக்கப்படாத கரு, தன்னைச் சூழ்ந்த சுவரின் நலத்தையே நம்பியிருந்தது; அந்தச் சுவரோ ஏற்கெனவே நைந்துபோனதுதான்.

கழுத்தும் குதிரையும்

இடுப்பைவிடச் சுமை குறைந்த கழுத்தில் இத்தொழில்நுட்பம் எளிதாக வேரூன்றியது. பிரிஸ்டல் நகரின் ஃபிரென்சே மருத்துவமனையில் பிரையன் கம்மின்ஸ், 1989 வாக்கில் துருவேறா எஃகால் குண்டும் குழியுமான கழுத்துத் தட்டை வடிவமைத்து 20 பேருக்குப் பொருத்தினார். அதன் வழித்தோன்றலே 2007 இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற முதல் கழுத்துத் தட்டு. சியாட்டிலின் வின்சென்ட் பிரையன் நுண்துளை டைட்டானிய ஓடுகளுக்கிடையே பாலியூரிதேன் கருவை வைத்தார். கழுத்தில் எலும்பிணைப்பு செய்துகொண்டவர்களுள் ஆண்டுக்கு 2.9 சதவீதத்தினருக்கு அடுத்த தட்டில் புதிய நோய் தோன்றுவதாக 1999 இல் வெளிவந்த ஆய்வு, அசைவைக் காக்கவேண்டும் என்ற வாதத்துக்கு வலுவூட்டியது.

மறுபக்கத்தில் எலும்பிணைப்பும் தன் பொருள்களைச் செப்பனிட்டுக்கொண்டது. அமெரிக்காவின் ஸ்போகேன் நகரத்து எலும்பு மருத்துவர் ஜார்ஜ் பாக்பி, கழுத்துத் தண்டுவடம் நசுங்கித் தள்ளாடும் நோய்க்கு ஆளான குதிரைகளுக்காகத் துளைகள் நிறைந்த எஃகுக் கூடு ஒன்றைச் செய்தார். அக்கூட்டின் வழியே எலும்பு வளர்ந்து இரு முள்ளெலும்புகளையும் இணைத்தது. அதைத் திருகுபுரி போட்ட டைட்டானிய உருளையாக மாற்றி, பாக்பி, குஸ்லிச் ஆகியோர் பெயரால் வழங்கிய கூடு 1996 இல் மனிதருக்கு ஒப்புதல் பெற்றது. 1970களின் இறுதியில் பிரிட்டனின் ஐ.சி.ஐ. நிறுவனத்தில் உருவான பீக் என்னும் பிளாஸ்டிக், 3 முதல் 4 கிகாபாஸ்கல் யங் குணகத்தோடு எலும்பின் நெகிழ்வை நெருங்கியதாலும், எக்ஸ்-ரேயை மறைக்காததாலும் கூடுகளில் டைட்டானியத்தின் இடத்தைப் பெருமளவு பிடித்தது. ஆனால் எலும்பு அதனோடு ஒன்றாமல் இடையே நார்த்திசுப் படலம் படர்வது தெரிந்தபின், அதன்மேல் டைட்டானியம் பூசுவதும், முப்பரிமாண அச்சில் நுண்துளை டைட்டானியக் கூடுகளை வார்ப்பதும் தொடங்கின. நெகிழ்வைத் தேடிப் போனவர்களை எல்லைக்கோடு மீண்டும் டைட்டானியத்திடம் திருப்பி அனுப்பியது.

ஒப்புதலும் நீண்ட கால விடையும்

அமெரிக்காவில் சாரிட்டே தட்டைச் சோதிக்க 304 நோயாளிகள் குலுக்கல் முறையில் பிரிக்கப்பட்டனர். ஒப்பீட்டுக்கு எடுக்கப்பட்டது, குதிரையிலிருந்து வந்த அதே பாக்பி-குஸ்லிச் கூடு. இரண்டாண்டு முடிவில் செயற்கைத் தட்டு கூட்டைவிடத் தாழ்ந்ததன்று என்று கண்டு, 2004 அக்டோபரில் அரசு ஒப்புதல் அளித்தது. 2006 இல் புரோடிஸ்க்கும் அதைத் தொடர்ந்தது. ஏற்கெனவே மதிப்புக் குறைந்துவந்த கூட்டோடு ஒப்பிட்டதும், இரண்டாண்டுகளை மட்டுமே கணக்கில் கொண்டதும் விமர்சிக்கப்பட்டன. முதியோருக்கான அமெரிக்க அரசின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டம், 60 வயதைக் கடந்தவர்களுக்கு இடுப்புச் செயற்கைத் தட்டுக்குப் பணம் தருவதில்லை என்று 2007 இல் முடிவெடுத்தது. வயிற்றின் முன்புறம் வழியாகப் பெருந்தமனியையும் பெருஞ்சிரையையும் ஒதுக்கிவிட்டுத்தான் தட்டைப் பொருத்தவேண்டும் என்பதும், தழும்பேறிய அதே பாதையில் இரண்டாம் முறை செல்வது உயிருக்கே ஆபத்தாகலாம் என்பதும் மருத்துவர்களின் தயக்கத்தைக் கூட்டின.

எடுக்கப்பட்ட பழைய தட்டுகள் வேறொரு பாடம் சொல்லின. காற்று படும் நிலையில் காமாக் கதிரால் கிருமிநீக்கம் செய்யப்பட்ட பாலிஎத்திலீனில் உருவாகும் தனி உறுப்புகள், ஆண்டுக்கணக்கில் ஆக்சிஜனோடு வினைபுரிந்து அதை நொறுங்குதன்மை உடையதாக்குகின்றன. சாரிட்டே வில்லைகள் சிலவற்றின் விளிம்புகள் இவ்வாறு வெடித்திருந்தன, கம்பி வளையமும் முறிந்திருந்தது. அதைவிட எண்ணத்தக்கது, பெர்லினின் முதல் நோயாளிகளைச் சராசரியாக 17 ஆண்டுகள் கழித்துப் பரிசோதித்து 2006 இல் வெளியான ஆய்வு. அதன்படி 60 சதவீதத்தினரிடம் சாதனத்தைச் சுற்றி எலும்பு தானாகவே வளர்ந்து இரு முள்ளெலும்புகளையும் இணைத்துவிட்டிருந்தது. அசைவதற்காக வைக்கப்பட்ட தட்டைச் சுற்றி உடலே எலும்பிணைப்பைச் செய்துமுடித்திருந்தது.

உயிருள்ள தட்டு

இவ்வளவுக்கும் பின், தட்டின் மாற்று இன்னொரு தட்டாகவே இருக்கலாம் என்ற எண்ணம் எழுந்தது வியப்பன்று. பெய்ஜிங்கிலும் ஹாங்காங்கிலும் இருந்த மருத்துவர்கள், விபத்தில் இறந்த இளைஞர்களின் கழுத்துத் தட்டுகளை முனைத்தகட்டோடு சேர்த்து எடுத்து உறையவைத்து, 5 நோயாளிகளுக்குப் பொருத்தி, ஐந்தாண்டுகளுக்கும் மேலாகக் கண்காணித்து 2007 இல் முடிவுகளை வெளியிட்டனர். எல்லோரிடமும் மூன்று மாதங்களுக்குள் முனைத்தகடு எலும்போடு கூடிவிட்டது. உடல் அந்நியத் தட்டை நிராகரிக்கவில்லை. நால்வரிடம் அசைவும் நிலைத்தது. தட்டு ஓரளவு நலிந்ததேயன்றி, அதுவரை வந்த சாதனங்களை வாட்டிய அமிழ்தலும் வெளியேற்றமும் பெரிய சிக்கலாகவில்லை. தானம் கிடைக்கும் அளவே இம்முறைக்குத் தடையாக நின்றது.

ஆய்வகத்தில் தட்டை வளர்க்கும் முயற்சி அந்தத் தடையைத் தாண்ட முயன்றது. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தினர், கொலாஜனால் நார்வளையத்தையும் கடற்பாசியிலிருந்து கிடைக்கும் ஆல்ஜினேட்டால் கருவையும் அமைத்து, அவற்றுள் செல்களை விதைத்து, எலியின் வாலில் பொருத்தி, ஆறு மாதங்கள் உயரமும் செயலும் நிலைத்ததை 2011 இல் காட்டினர். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தினர், மின்புலத்தால் இழுத்த பாலிகாப்ரோலாக்டோன் நுண்ணிழைகளை அடுக்குக்கு அடுக்கு எதிர்ச்சாய்வில் வைத்து நார்வளையத்தையும், நடுவில் ஹைட்ரோஜெல்லால் கருவையும் அமைத்து, இரண்டிலும் செல்களை இட்டனர். இயற்கைத் தட்டின் 30 பாகைச் சாய்வே அந்த இழைகளுக்கு அளவுகோலாயிற்று.

எனினும் எலியின் வாலில் அவர்கள் முதலில் வைத்த தட்டு தன் திசுவை வளர்த்துக்கொண்டதே தவிர, அருகிலுள்ள எலும்போடு சரியாக ஒன்றவில்லை. பிறகு அவர்கள் மேலும் கீழும் நுண்துளை நிறைந்த செயற்கை முனைத்தகடுகளைச் சேர்த்தார்கள். அந்தப் புதிய வடிவமே எலிகளில் 20 வாரங்களும், மனிதக் கழுத்தின் அளவை நெருங்கும் ஆட்டின் கழுத்தில் 8 வாரங்களும் எலும்போடு பிணைந்து நின்றதாக 2018 இல் அறிவிக்கப்பட்டது. ஃபெர்ன்ஸ்ட்ரமின் உருண்டை கெடாமல் அமிழ்ந்து கிடந்த முள்ளெலும்பிலிருந்து பென்சில்வேனியாவின் ஆடு வரை ஐம்பதாண்டுகளுக்கும் மேலாகப் பொருள்கள் மாறிக்கொண்டே வந்தன. ஷ்மோர்ல் டிரெஸ்டனில் வெட்டிப் பார்த்த அந்த ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த முனைத்தகட்டுக்கு மட்டும் இன்னும் குறுக்குவழி கிடைக்கவில்லை.